பேசும் பெட்டிக்குச் சாப்பாடு போட்டது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். ஊரில் பழைய ரேடியோ திருத்தியவர்கள், மைக் செற் வாடகைக்குக் கொடுத்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் திருத்துவார்கள்.

மாரி தொடங்குமுன் எங்கள் பிள்ளைகள் சிலர் ஒரு பெட்டி செய்யப் புறப்பட்டார்கள். ஆற்றோரத்து வீடுகளில் இரவில் தண்ணீர் ஏறினால் தூங்குகிறவர்களை எழுப்பும் பெட்டி. வாசற்படிக்குக் கீழே இரண்டு கம்பிகள். தண்ணீர் அவற்றைத் தொட்டால் நுண்கட்டுப்படுத்தி, அதாவது விரல் நகமளவேயான ஒரு கணினி, அதை அறிந்துகொள்ளும். உடனே பக்கத்திலுள்ள சின்ன ஒலித்தகடு, பிள்ளை ஒருத்தியின் குரலில் பதிந்து வைத்ததைச் சொல்லும்: "தண்ணி ஏறுது, எழும்புங்க, சாமான மேல வைங்க." குரல் வெளியே வருவது வீட்டில் கிடக்கும் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வழியாக.

எல்லாம் சரி. ஆனால் பெட்டிக்கு மின் வேண்டுமே! போன் சார்ஜரில் கொடுத்தால் வெள்ளத்தன்று முதலில் போவது கரண்ட்தான். பவர் பேங்க் வைக்கலாம் என்றால், வீட்டில் இருக்கும் ஒரு பவர் பேங்கை மாரி முழுக்க வாசற்படிக்குக் கீழே யார் விட்டு வைப்பார்?

அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"சேர், இந்த ஸ்பீக்கருக்குள்ள ஏற்கெனவே பற்றரி இரிக்கிதானே. அதால போர்டுக்கும் கரண்ட் எடுக்க ஏலாதா?"

வகுப்பு சிரித்தது. ஸ்பீக்கர் என்றால் வாங்கிப் பேசுகிற சாமான், அது எப்படிக் கொடுக்கும் என்ற சிரிப்பு. நாங்களும் முதலில் சிரித்தோம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான், இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் மின்னே தேவைப்படாத காலம். மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் கதையைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் இல்லை. நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அங்கே பற்றரி இல்லை. தண்ணீரில் உண்டாகும் அதிர்வு மரத்தில் ஏறிக் காதுக்கு வருகிறது. ஒலி தன்னுடைய சக்தியிலேயே பயணம் செய்கிறது.

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசியின் தொடக்கக் கருவிகளும் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய இரும்புத் தகடு. பேசினால் தகடு ஆடும். சுருளில் சிறிது மின் பிறக்கும். மறுமுனையில் உள்ள அதே மாதிரிக் கருவி அந்த மின்னை மீண்டும் ஒலியாக்கும். பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே சாமான். மனிதனின் மூச்சுத்தான் அதற்கு மின் நிலையம். இன்றைக்கும் ஒரு சாதாரண ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் மைக் போடும் துளையில் கொடுத்து அதன் முன்னால் கத்திப் பாருங்கள், மெல்லிசாகக் கேட்கும். ஆகவே, 'ஸ்பீக்கர் மின் கொடுக்குமா?' என்ற கேள்விக்கு முதல் பதில், கொடுக்கும். ஆனால் அது சில மில்லிவோல்ற் மட்டுமே. ஒரு கணினித் தகடு அதில் உயிர் வாழாது.

குரல் தூரம் போகவேண்டும் என்றால் வெளியிலிருந்து மின் கொடுக்க வேண்டும். எடிசன் போன்றவர்கள் கொண்டுவந்த கரி மைக்கில் பற்றரி மின் ஓடிக்கொண்டிருக்கும். குரல் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். குரல் பலமானது. ஆனால் தொலைபேசி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் பற்றரி வைக்க வேண்டி வந்தது. அது தீர்ந்தால் தொலைபேசி ஊமை.

1890களில் இதற்கு ஓர் அழகான வழி வந்தது. பற்றரிகளை வீடுகளிலிருந்து எடுத்து, தொலைபேசி நிலையத்தில் ஒரே இடத்தில் பெரிதாக வைத்தார்கள். குரல் போகும் அதே இரண்டு கம்பிகளில் மின்னும் வீட்டுக்கு வந்தது. பின்னாளில் 48 வோல்ற் என்பது இதற்கான வழமையானது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். போன் சார்ஜ் இறங்கி, கோபுரங்களின் பற்றரியும் இறங்கி, சிக்னல் போன நேரத்திலும் செப்புக் கம்பியில் வந்த பழைய வீட்டுத் தொலைபேசி வேலை செய்தது. காரணம் இதுதான். அதற்கான சாப்பாடு நம் வீட்டில் இல்லை, நிலையத்தில் இருந்தது.

ஒரே கம்பியில் குரலும் மின்னும் எப்படி இடிபடாமல் போகும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாங்கள் நம் பழைய பாலத்தைக் காட்டினோம். 2010இல் ஸ்பெயின் நாட்டு உதவியுடன் புதுப் பாலம் திறக்கப்படும்வரை, ஓட்டமாவடியில் ரயிலும் பஸ்ஸும் சைக்கிளும் நடந்து போகிறவரும் எல்லோருக்கும் ஒரே இரும்புப் பாலம்தானே. ரயில் வந்தால் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். கம்பியில் அப்படி நிற்கத் தேவையில்லை. மின்னூட்டம் நேரோட்டம், அசையாமல் ஒரே பக்கம் ஓடுவது. குரல் ஆடலோட்டம், முன்னும் பின்னும் ஆடுவது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் போகும். இறங்கும் இடத்தில்தான் பிரிக்க வேண்டும். கொள்ளளவி என்ற சாமான் ஆடுவதை விட்டு நேரோட்டத்தை மறிக்கும். தூண்டி என்ற கம்பிச்சுருள் நேரோட்டத்தை விட்டு ஆடுவதை மறிக்கும். இரண்டு கேற்காரர்கள், அவ்வளவுதான்.

இதே வித்தை மைக்குக்கும் வந்தது. 1966இல் ஜேர்மனியின் நொய்மன் நிறுவனம் நோர்வே வானொலிக்காக ஒரு மைக் செய்தபோது, மைக்கின் கம்பியிலேயே மின்னும் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ற் மின் ஏற்கெனவே இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க ஸ்டூடியோ மைக்குகளுக்கு 48 வோல்ற் வந்ததற்கு, ஒரு குளிர்நாட்டின் அவசர விளக்குத்தான் காரணம். நம் போனில் செருகும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ மைக்குக்கும் போன் அதே வயரில்தான் சொட்டு மின் கொடுக்கிறது.

இனி வானொலிக்கு வருவோம். இலங்கையில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. பீபீசி தொடங்கி மூன்றே வருடத்தில். அதற்கு முந்திய பரிசோதனைகளை நடத்தியவர் தந்தித் திணைக்களத்தின் எட்வர்ட் ஹார்ப்பர். பிடிபட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களைக் கொண்டு அவர்கள் ஒலிபரப்புக் கருவியைச் செய்தார்கள். நம் பிள்ளைகள் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டி செய்வதும் அந்தப் பரம்பரைதான் என்று சொன்னோம். அவர்களுக்கு அது பிடித்துப்போனது.

அந்தக் காலத்து வானொலிப் பெட்டிக்குள்தான் பின்வாங்குப் பிள்ளையின் கேள்விக்கு நேரான பதில் இருந்தது. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெலோக் என்ற இரண்டு பொறியியலாளர்கள் இன்றைய மாதிரி ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். அதற்குப் பலமான காந்தம் வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல நிலைக்காந்தம் கிடைப்பது கடினம். ஆகவே ஸ்பீக்கரின் முதுகில் பெரிய கம்பிச்சுருளைச் சுற்றி, அதில் மின் ஓட்டி மின்காந்தமாக்கினார்கள். அடுத்து ஒரு சிக்கனமான யோசனை வந்தது. வானொலியின் வால்வுகளுக்குப் போகும் மின்னை நேராக அனுப்பாமல் இந்தச் சுருளுக்குள்ளால் அனுப்பினார்கள். அதனால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஸ்பீக்கர் காந்தமானது, கூடவே, மின்னில் இருந்த 'ம்ம்ம்' என்ற இரைச்சலையும் அந்தச் சுருளே வடிகட்டியது.

யோசித்துப் பாருங்கள். 1930களின் பல மின்சார வானொலிகளில் வால்வுகளுக்கான மின் ஸ்பீக்கர் வழியாகத்தான் போனது. ஸ்பீக்கரின் பிளக்கைக் கழற்றினால் குரல் மட்டும் நிற்காது, வானொலியே செத்துவிடும். 1931இல் ஜப்பானின் மிஷிமா கண்டுபிடித்த புதுவகை உருக்கிலிருந்து தொடங்கி நிலைக்காந்தங்கள் பலமாகி மலிவாகவும் வந்த பிறகுதான் ஸ்பீக்கர் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. வகுப்பு சிரித்த யோசனை, ஒரு காலத்தில் பணக்கார வீடுகளின் மண்டபத்தில் பாட்டுப் பாடிய யோசனை.

ஏழை வீட்டுக்கு? அதற்கும் ஒரு வழி இருந்தது. 1949இல் சிங்கப்பூரில் ரெடிஃபியூஷன் என்ற கம்பி வானொலி தொடங்கியது. வீட்டில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஸ்பீக்கர். மின் இணைப்பு வேண்டாம், பற்றரி வேண்டாம். ஸ்பீக்கரை ஆட்டும் பலம் முழுவதும் நிலையத்திலிருந்து கம்பியில் வந்தது. கரண்ட் இல்லாத வீட்டிலும் கதை கேட்டது. 2012இல்தான் அந்தச் சேவை மூடப்பட்டது.

நமக்கு அப்படிக் கம்பி வரவில்லை. ஆகாயத்தில் வந்ததைப் பிடித்தோம், மின்னுக்கு நாமே வழி தேடினோம். பற்றரி வால்வு ரேடியோக்களுக்கு 90 வோல்ற் பற்றரிக்கட்டை ஒன்றும், வால்வைச் சூடாக்க வேறு பற்றரியும் வேண்டும். எல்லோருக்கும் கட்டுமா? திரான்சிஸ்டர் வந்த பிறகுதான் நாலு டோர்ச் பற்றரியில் ரேடியோ ஊருக்குள் வந்தது. அந்த நாலு பற்றரியை எப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்கள் என்று நம் மூத்தவர்களைக் கேளுங்கள். செய்தியும் முஸ்லிம் சேவையும் கேட்டுவிட்டு உடனே மூடிவிடுவார்கள். பலம் குறைந்த பற்றரியை வெயிலில் காயவைப்பார்கள். நோன்பு இருபத்தொன்பதின் இரவு, கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் பிறை அறிவித்தல் வானொலியில் வரும்வரை ஒரு ரேடியோவைச் சுற்றி வளவு நிறைய ஆட்கள். அன்றிரவு பற்றரி இறங்கிவிட்டால் நாளைக்கு நோன்பா பெருநாளா என்று தெரியாது. அதற்காகவே ஒரு சோடி புதுப் பற்றரியைக் கடதாசி கழற்றாமல் அலுமாரிக்குள் வைத்திருந்த உம்மாக்களைப் பற்றி நாங்கள் கேட்டிருக்கிறோம்.

1978 நவம்பர் 23. அந்தச் சூறாவளி இரவை நம் பகுதியில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தென்னைகள் விழுந்தன, கூரைகள் பறந்தன, மின் கம்பமும் தொலைபேசிக் கம்பியும் விழுந்தன. கம்பியில் வந்த குரல்கள் எல்லாம் அறுந்த பிறகு, பற்றரி இருந்த ரேடியோ மட்டும்தான் வெளியுலகத்துக்கான வழி.

பிறகு போர். 1990 ஜூனில் அது மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமற் போனது, பற்றரிக்கும் தடை வந்தது. அங்கே மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுகிற கை களைத்தால் செய்தி மங்கும். அந்த வருடம் நம் பக்கம் என்ன நடந்தது என்று ஓட்டமாவடியில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இருட்டில் இருந்து, 'எங்கே என்ன நடந்தது, யார் மௌத்தானார்கள்' என்று ஒரு சின்னப் பெட்டியிடம் காது கொடுத்தவர்கள் இரண்டு சமூகத்திலும் இருந்தார்கள். சைக்கிள் டைனமோவுக்குத் தமிழர், முஸ்லிம் என்ற வித்தியாசம் தெரியாது.

இனி நம் காலம். 2005 அளவில் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காக அர்டுயினோ என்ற மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகை உருவானது. 2016இல் பீபீசி, மைக்ரோபிட் என்ற சின்னப் பலகையைப் பிரித்தானியாவின் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பத்து இலட்சம் அளவில் இலவசமாகக் கொடுத்தது. நம் நாட்டிலும் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. பலகை கையில் வந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டுப் பிரச்சினை தீரவில்லை.

2010இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு வேலை இந்த இடத்தில் முக்கியம். அவர்கள் ஐபோனின் ஹெட்போன் துளையிலிருந்தே ஒரு நுண்கட்டுப்படுத்திக்கு மின் எடுத்தார்கள். போனில் ஒரு பக்கத்தால் 22 கிலோஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டார்கள். அது மனிதக் காதுக்கு எட்டாத கீச்சு. அந்த ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றினால் 7.4 மில்லிவாற் கிடைத்தது. மிகச் சின்ன அளவு. ஆனாலும் ஒரு சிக்கனமான கணினித் தகடும் உணரியும் அதில் வேலை செய்தன. தாங்கள் செய்ததற்கு 'ஹைஜாக்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது பாட்டுக் கேட்கும் வயரிலிருந்து மின்னைக் கடத்துவது!

எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. சின்ன புளூடூத் ஸ்பீக்கரைக் கவனித்துப் பாருங்கள். உள்ளே 3.7 வோல்ற் லித்தியம் பற்றரி இருக்கும், பல மொடல்களில் அந்தக் காலத்து நோக்கியா போனில் போட்ட அதே தட்டைப் பற்றரி. பின்னால் பென் டிரைவ் செருக ஒரு துளை. பென் டிரைவ் வேலை செய்ய மின் வேண்டும், ஆகவே அந்தத் துளை மின் கொடுத்தே ஆகவேண்டும். மல்ரிமீற்றரால் அளந்தோம், மின் இருந்தது. ஒரு யூஎஸ்பி வயரை அதில் செருகிப் பலகைக்குக் கொடுத்தோம். பலகையின் விளக்கு எரிந்தது. பலகையிலிருந்து குரல் ஓடியோ வயரால் ஸ்பீக்கருக்குப் போனது. ஸ்பீக்கரிலிருந்து மின் பலகைக்கு வந்தது. கேள்வி கேட்ட பிள்ளை இப்போது சிரித்தார், வகுப்பு சிரிக்கவில்லை.

கம்பியைத் தண்ணீரில் வைத்தோம்.

"தண்ணி... தண்ணி... தண்ணி... தண்ணி..."

அதற்கு மேல் போகவில்லை. காரணம் பிடிக்க இரண்டு பின்னேரம் எடுத்தது. பலகை கேட்பது சில பத்து மில்லி அம்பியர்தான். ஆனால் சத்தமாகப் பேசும்போது ஸ்பீக்கரின் பெருக்கி பல மடங்கு மின்னை ஒரேயடியாக இழுக்கிறது. பற்றரியின் வோல்ற் ஒரு கணம் குனிகிறது. அந்தக் கணத்தில் பலகை மயங்கி, எழும்பி, மறுபடியும் முதல் சொல்லிலிருந்து தொடங்குகிறது. ஒரே சட்டியில் இருவர் சாப்பிடுகிறார்கள். ஒருவர் அள்ளும்போது மற்றவருக்கு இல்லை.

மருந்து இரண்டு சாமான். ஒரு டயோட், நம் பாடப்புத்தகத்து இருவாயி. மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும். அதற்கு அப்பால், பலகையின் வாசலில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி. ஸ்பீக்கர் அள்ளும் நேரத்தில் பலகை தன் சொந்தக் குடத்திலிருந்து குடிக்கும். அந்தக் குடத்துத் தண்ணீரை ஸ்பீக்கர் திரும்ப இழுக்காமல் டயோட் காவல் நிற்கும். ஒலியையும் ஒரு படி குறைத்தோம். பெட்டி முழு வசனத்தையும் சொன்னது.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம். பென் டிரைவ் துளையில் எத்தனை வோல்ற் வருகிறது என்று அளக்காமல் எதையும் கொடுக்காதீர்கள், மொடலுக்கு மொடல் வித்தியாசப்படும். வீங்கிய லித்தியம் பற்றரியைத் தொடாதீர்கள், பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். சுவர் மின்னில் நேரடியாக ஓடும் பெரிய அம்பிளிபயர்களைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் மனதில் கிடக்கிறது. நம் ஊரில் வெள்ள எச்சரிக்கை, ஜனாஸா அறிவித்தல், காணாமல் போன பிள்ளையைப் பற்றிய தகவல் எல்லாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் வருகின்றன. கரண்ட் போனால் அந்தக் குரலுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று ஒவ்வொரு மஹல்லாவும் மாரிக்கு முன்னர் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் நல்லது. 12 வோல்ற் பற்றரியில் ஓடும் அம்பிளிபயர் பல இடங்களில் உண்டு. அந்தப் பற்றரி கடைசியாக எப்போது சார்ஜ் ஆனது என்று கேட்டுப் பாருங்கள். சூறாவளி இரவைப் பார்த்தவர்களிடம் கேட்டால், இது ஏன் முக்கியம் என்று அவர்கள் சொல்வார்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

பழுதாகி மூலையில் கிடக்கும் புளூடூத் ஸ்பீக்கர், பழைய ரேடியோ, டைனமோ எதையும் குப்பையில் போடாதீர்கள். பாடசாலைக்குக் கொடுங்கள். ஆற்றோரத்து வீடுகளில் இன்னும் சில பெட்டிகள் வைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

மற்றது, உங்கள் வாப்பா, உம்மா, மூத்தம்மா ரேடியோவுக்கு எப்படி மின் தேடினார்கள் என்று கேட்டு இதன் கீழே எழுதுங்கள். வெயிலில் காய்ந்த பற்றரி, கார் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் சார்ஜ் பண்ணின கடை, பிறை கேட்ட வளவு, எதுவானாலும் சரி. ஓட்டமாவடியின் வானொலி வரலாறு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வல்ல இறைவன் இந்த மாரியை நமக்கு லேசாக்கி வைப்பானாக.

வஸ்ஸலாம்.